வந்த தண்ணீர் போகும் வழி

காருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் புகக் கூடாது என்றுதான் கார் வைத்திருப்பவர்கள் நினைக்கிறார்கள். காரை வடிவமைப்பவர்கள் அப்படி நினைப்பதில்லை. தண்ணீர் எப்படியும் புகும். புகுந்ததை எந்த வழியாக வெளியேற்றுவது என்பதுதான் அவர்கள் கணக்கு. ஜன்னல் கண்ணாடி கதவுக்குள் இறங்கும் இடத்தைப் பார்த்தாலே இது விளங்கிவிடும். அங்கே கண்ணாடியை ஒட்டி ஒரு ரப்பர் பீடிங் ஓடுகிறது. தூசியைத் துடைக்கும், தூறலைத் திருப்பும். பெருமழையை அதனால் நிறுத்த முடியாது. கண்ணாடியில் வழியும் மழைநீரில் ஒரு பங்கு கதவின் உட்புறத்தில் இறங்கி, அடி விளிம்பில் இருக்கும் சிறு துளைகள் வழியாகத் தெருவில் விழுகிறது. மழை பெய்யும்போதெல்லாம் நல்ல நிலையில் உள்ள கார்களிலும் இது நடக்கிறது. யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தண்ணீர் உட்கார்ந்திருப்பவர் பக்கம் வராமல் காப்பது ஒரு பிளாஸ்டிக் தாள். டோர் பேடைக் கழற்றினால்தான் கண்ணில் படும். கறுப்பான, பிசுபிசுப்பான பசையால் கதவின் தகரத்தோடு ஒட்டப்பட்டிருக்கும். பவர் விண்டோ மோட்டாரை மாற்றவோ புது ஸ்பீக்கர் பொருத்தவோ கதவைப் பிரிக்கிறவர், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அதைப் பிய்த்து எறிவார். அல்லது பழைய பசையின் மேலேயே ஒப்புக்கு அழுத்திவிட்டு டோர் பேடை மாட்டுவார். வேலை நடந்தது வெயில் நாளாக இருந்தால் எந்தக் குறையும் தெரியாது. ஆடி மாதத்தில் ஸ்பீக்கர் போட்டவருக்குக் கார்த்திகையில் கால்மிதி நனைந்தால், பாட்டுக்கும் தண்ணீருக்கும் முடிச்சுப் போடத் தோன்றுமா? அவர் கதவைச் சுற்றியுள்ள பீடிங்கை மாற்றுவார். அடுத்த மழையிலும் நனையும்.

துளைகள் அடைபட்டாலும் இதே கதைதான். சேறும் இலைத்தூளும் சேர்ந்து அடைக்கலாம். துருப்பிடிக்காமல் இருக்கக் காருக்கு அடியில் அடிக்கும் கோட்டிங்கே சில சமயம் அந்தத் துளைகளை மூடிவிடுகிறது. கதவைத் திறந்து மூடும்போது உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டால், நோய் அங்கேதான் என்று முடிவு கட்டலாம்.

இதைவிடப் பொல்லாத இடம் வைப்பர்களுக்கு அடியில் இருக்கிறது. பானெட்டும் முன்கண்ணாடியும் சந்திக்கும் இடத்தில் ஓட்டைகள் போட்ட கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்று தெரியும். அதற்குக் கீழே காரின் அகலத்துக்கு ஒரு தகர வாய்க்கால். முன்கண்ணாடியில் வழியும் மழை முழுக்க அங்கே இறங்கி, இரு ஓரங்களிலும் முன்சக்கரங்களுக்குப் பின்புறமாக வெளியேற வேண்டும். சென்னையில் நிழல் தேடிக் காரை நிறுத்துகிற இடமெல்லாம் வேம்போ, தூங்குமூஞ்சியோ, குல்மோஹரோதான். மூன்றுமே பொடி இலைகளை உதிர்க்கிற மரங்கள். பெரிய இலை மூடியின் மேலேயே தங்கிவிடும்; பொடி இலை ஓட்டைக்குள் இறங்கி, மக்கிச் சேறாகி, வடிகாலில் உட்கார்ந்துகொள்ளும். ஐப்பசியில் முதல் கனமழை வரும்போது வாய்க்கால் நிரம்புகிறது. வழிகிற தண்ணீருக்குப் பக்கத்திலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது, வெளிக்காற்றை ஏசிக்கு இழுக்கும் பாதை. நம்மூர்க் கார்களில் ப்ளோயர் பெரும்பாலும் இடது பக்கம், கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே நனைவது முன்சீட்டில் இடப்பக்கம் உட்காருபவரின் காலடி.

அதே காலடி சித்திரை வெயிலிலும் நனையும். அப்போது மழையைக் குறை சொல்ல முடியாது. ஏசி ஓடும்போது காற்றில் உள்ள ஈரம் கூலிங் காயிலில் பட்டுத் தண்ணீராகிறது. அது ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். கடலோரப் புழுக்கத்தில் நெடுநேரம் ஏசி ஓடியும் நிறுத்திய இடத்தில் ஈரமே இல்லை என்றால் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. வெளியே சொட்டாத தண்ணீர் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கலாம்.

குழாயை அடைக்கத் தூசிதான் வேண்டும் என்பதில்லை. 2013 அக்டோபரில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் 8 லட்சத்துக்கும் அதிகமான கேம்ரி, அவலான், வென்சா கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம் சிலந்தி. ஏசி தண்ணீர் வடியும் குழாய்க்குள் அது வலை கட்டியதால், தேங்கிய தண்ணீர் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியின் மேல் சொட்டும் அபாயம் இருந்தது. எச்சரிக்கை விளக்கு எரிவதில் தொடங்கி, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஏர்பேக் விரிந்துவிடுவது வரை எதுவும் நடக்கலாம் என்பதால்தான் அத்தனை கார்களுக்கும் அழைப்பு. ஒரு சொட்டுத் தண்ணீருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

ஈரம் இனிப்பாக மணத்து, பிசுபிசுத்து, நிறமும் கொண்டிருந்தால் அது மழையுமில்லை, ஏசியுமில்லை. ஹீட்டருக்குப் போகும் கூலன்ட். உடனே மெக்கானிக்கிடம் போக வேண்டிய விஷயம்.

தண்ணீர் எங்கே தெரிகிறதோ அங்கே ஓட்டை இருக்காது என்பதுதான் ஆட்களைச் சுற்ற வைக்கிறது. ஓட்டு வீட்டில் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே உடைந்த ஓட்டைத் தேடுவது போலத்தான். கூரையின் ஆன்டெனா அடியில் புகுந்த நீர், உள்கூரைத் துணிக்கு மேலாக ஊர்ந்து, தூண் வழியே இறங்கி, ஒயர்க் கற்றையைப் பிடித்துக்கொண்டு கார்ப்பெட்டுக்கு அடியில் போய்ச் சேரும். கார்ப்பெட்டின் அடிப்பக்கம் தடித்த ஃபோம். அது லிட்டர் கணக்கில் குடித்துவிட்டு மேலே காய்ந்த முகம் காட்டும். தரை பள்ளமாக இருப்பது பின்சீட்டின் காலடியில் என்றால் முன்னால் ஒழுகியதும் அங்கேதான் தேங்கும். "பின்னாடி நனையுது, பின்கதவு பீடிங்கை மாத்திடுங்க" என்று வண்டிக்காரர் சொல்வார். "பீடிங் இருக்கட்டும் சார், முதல்ல கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்துடலாம்" என்கிற மெக்கானிக் வாய்த்தால் அவர் அதிர்ஷ்டக்காரர்.

தேடுவதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. பொறுமையும் இரண்டு ஆட்களும் போதும். உள்ளே எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்துவிட்டு, ஒருவர் டார்ச்சோடு உட்கார வேண்டும். இன்னொருவர் வெளியிலிருந்து தோட்டக் குழாயில் மெதுவாக நீர் விட வேண்டும், கீழிருந்து மேலாக. மேலிருந்து தொடங்கினால் வழிந்திறங்கும் நீர் எல்லா இணைப்புகளையும் ஒன்றாக நனைத்துவிடும். எது குற்றவாளி என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பகுதியிலும் சில நிமிடம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைப் பிடித்தால், மழையில் ஒருபோதும் ஒழுகாத இடமும் ஒழுகும்.

கதவு பீடிங்கின் மேல் சந்தேகம் என்றால் பத்து ரூபாய் நோட்டு ஒன்று போதும். நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் பிடிப்பு தெரிய வேண்டும்; சும்மா வழுக்கி வந்தால் அங்கே ரப்பர் படியவில்லை. இன்னொரு முறையும் உண்டு. வெளிக்காற்று வரும்படி வைத்து, ப்ளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டு, எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டு, இணைப்புகளின் மேல் சோப்பு நீரைத் தடவினால், காற்று கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். பஞ்சர் கடைக்காரரின் தண்ணீர்த் தொட்டியில் நடப்பதும் இதுதான்.

சன்ரூஃப் வைத்த கார்கள் தனி ரகம். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் தண்ணீரை முழுதாக நிறுத்தும் என்று அங்கேயும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. கசியும் நீரை ஒரு தட்டு ஏந்திக்கொள்கிறது. அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் தூண்களுக்குள் இறங்குகின்றன. குழாய் அடைத்தால் உள்கூரைத் துணியில் பழுப்புக் கறை படரும். இந்தக் குழாய்கள் அமெரிக்காவில் கோர்ட் வரை போயிருக்கின்றன. இலையும் மகரந்தமும் அடைத்துச் சன்ரூஃப் ஒழுகுகிறது என்று ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களின் சொந்தக்காரர்கள் நியூஜெர்சியில் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். சமரசத்தில் 80 லட்சம் டாலர் நிதி ஒதுக்கப்பட்டது. அதை எந்தக் காரின் சொந்தக்காரர் முதலில் பெறுவது என்பதில் தகராறு வந்து, 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கின் அந்த ஏற்பாட்டையே ரத்து செய்தது. சன்ரூஃப் வழியாகத் தலையை நீட்டிப் படம் எடுத்துக்கொள்கிறவர்களில் எத்தனை பேர் அந்த நான்கு மூலைகளைக் குனிந்து பார்த்திருப்பார்கள்?

காரணம் தெரிவதற்கு முன்பே பட்டறைகளில் கையில் எடுக்கப்படுவது சிலிக்கான் ட்யூப். குளியலறைக்கு விற்கும் அந்தச் சிலிக்கானில் காடி வாடை அடித்தால், காயும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும் ரகம் அது, தகரத்தை அரிக்கும். அதன் மேல் பெயின்டும் நிற்காது. நுழையும் இடத்தை அடைப்பதாக நினைத்து வெளியேறும் துளையை அடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். முன்கண்ணாடி ஓரத்தில் ஒழுகினால், கண்ணாடியை எடுத்து, சட்டத்தில் உள்ள துருவைச் சுரண்டி, அதற்கென்றே உள்ள யூரித்தேன் பசையால் மறுபடி ஒட்டுவதுதான் வேலை. செலவு அதிகம்தான், ஆனால் அதோடு முடிந்துவிடும்.

அம்பாசடர் ஓடிய நாட்களில் முன்கண்ணாடி ரப்பர் வளையத்தில் உட்கார்ந்திருந்தது. ஒழுகினால் ஒரு துணியை வைத்துத் துடைத்துக்கொண்டு ஓட்டினார்கள். நனைந்து கெட்டுப்போக அங்கே கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. இன்றைய கார்களில் சீட்டுக்கு அடியிலும் கால் வைக்கும் ஓரத்திலும் ஒயர் இணைப்புகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் இருக்கின்றன. சென்ட்ரல் லாக் தன்னிஷ்டத்துக்கு வேலை செய்வதும், காரணமில்லாமல் பேட்டரி இறங்குவதும் சில சமயம் ஈரத்தின் வேலைதான். ஜன்னலைத் திறந்து வைத்தால் ஃபோம் காயாது. சீட்டுகளைக் கழற்றி, கார்ப்பெட்டை வெளியே எடுத்து வெயிலில் போட வேண்டும். சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் இணைப்புகள் ஏர்பேக்கைச் சேர்ந்தவை; அவற்றைத் தொடுமுன் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சற்றுக் காத்திருக்க வேண்டும். தெரியாதவர்கள் இந்த வேலையில் இறங்காமலிருப்பது நல்லது.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வெள்ளமும் ஒழுகலும் ஒன்றல்ல. 2015 டிசம்பரில் சென்னையில் வந்தது போன்ற வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு முழுக் காப்பீட்டில் பணம் கேட்கலாம். ரப்பர் தேய்ந்து நனைந்த கார்ப்பெட் தேய்மானக் கணக்கில் போய்விடும். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்து அங்கே சேற்றுக்கறை இருந்தால், அந்த வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கலாம். பெல்ட் சுத்தமாக இருந்து, டிக்கியில் ஸ்டெப்னி படுத்திருக்கும் பள்ளத்தில் மட்டும் துருவும் தண்ணீரும் தெரிந்தால் பயந்து ஓட வேண்டாம். பின்விளக்குகளைக் கழற்றி, அவற்றின் ரப்பர் வளையங்களை முதலில் பார்க்கச் சொல்லலாம்.