எலும்பில்லாக் கழுத்து

தலைப்பைக் கண்டு திடுக்கிட வேண்டாம்! நான் சுட்டது மனிதனையன்று. மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த ஜெலட்டினை. சுட்டதும் துப்பாக்கியாலன்று, எங்கள் ஆய்வுக்கூடத்து அழுத்தக் காற்றுக் குழாயால். மதுரையிலிருந்து பெங்களூருக்குப் படிக்க வந்த எனக்கு இந்த வேலை வாய்த்ததே ஒரு விந்தை. அதைவிட விந்தை, அது என்னை என் அப்பத்தாவோடு மோத வைத்தது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டார், பின் தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தனர். கழுத்தில் குண்டு பாய்ந்த எம்.ஜி.ஆர். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். குரல் மட்டும் பழைய குரலாகத் திரும்பவில்லை. அப்போது அப்பத்தாவுக்கு வயது பதினேழு. தெப்பக்குளம் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தாளாம். உள்ளங்கையில் தழும்பு இன்றும் இருக்கிறது. எம்.ஜி.ஆரைக் காத்தது அந்தச் சட்டிதான் என்பது அவள் கட்சி. தோட்டா பழசு, மருந்து வலுவிழந்தது என்பது ஊரில் உலவும் மற்றொரு பேச்சு. விஞ்ஞானம் படிக்கிறவன் எந்தப் பக்கம் நிற்பான்? நான் நின்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு!

ஜெலட்டின் ஏன்? வியட்நாம் போரில் காயங்களுக்குக் கத்தி பிடித்த அமெரிக்க அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபாக்ளர், குண்டு தசையில் எவ்வளவு ஆழம் போகும் என்று அறிய ஒரு முறை வகுத்தார். நூற்றுக்குப் பத்துப் பங்கு ஜெலட்டின், மீதி நீர்; 4 டிகிரிக் குளிர். பாளம் சரியா என்று சோதிக்க, 4.5 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 180 மீட்டர் வேகத்தில் செலுத்த வேண்டும். அது எட்டரை சென்டிமீட்டரை ஒட்டி நின்றால்தான் அந்தப் பாளத்தில் எடுத்த அளவுகளுக்கு மதிப்பு. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஒரு குற்றவாளியின் உடலில் பாய்ந்த குண்டு இதயத்தை எட்டாமல் நின்றது, இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் உயிரிழந்தனர். அதன் பிறகு குண்டு 12 அங்குலமாவது, 18க்கு மிகாமல், பாய வேண்டுமென்று அவர்கள் அளவு வைத்ததும் இத்தகைய பாளத்தில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுதிச் சமையற்கூடத்தின் குளிர்ப்பெட்டியில், தயிருக்குப் பக்கத்தில், என் பாளம் இரவெல்லாம் கிடந்தது. (சமையற்காரர் அதைப் பால்கோவா என்று எண்ணிக் கத்தியோடு வந்த கதை வேறு!) முதலில் பழைய தோட்டாவைப் போல வலுக்குறைந்த குண்டு: நொடிக்கு 130 மீட்டர். ஐந்தரை சென்டிமீட்டரில் நின்றது. பிறகு சாப்பிடப் போனோம், அரட்டையடித்தோம். திரும்பி வந்து முழு வேகத்தில் சுட்டேன். பன்னிரண்டு சென்டிமீட்டர்! இரு மடங்குக்கும் மேல்! துள்ளிக் குதித்து அன்றிரவே தொலைபேசியில் அப்பத்தாவை அழைத்தேன். "அப்பத்தா, ஆத்தா காப்பாத்தலே, செத்த மருந்துதான் காப்பாத்துச்சு" என்றேன். மறுமுனையில் பேச்சில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட்டியா ராசா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் என் வழிகாட்டி ஒரே கேள்வி கேட்டார்: "இரண்டாவது முறை சுட்டபோது பாளம் எத்தனை டிகிரி?" எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எட்டரையில் நிற்க வேண்டிய குண்டு பன்னிரண்டில் நின்றபோதே நான் விழித்திருக்க வேண்டாமா? மேசைமேல் இரண்டு மணி நேரம் கிடந்து பாளம் இளகிவிட்டது. பாதி வெற்றி குண்டினுடையது. மீதி பெங்களூர் வெயிலினுடையது.

புதுப் பாளத்தில், ஒவ்வொரு முறையும் வெப்பமானியைச் செருகிப் பார்த்துச் சுட்டேன். வலுக்குறைந்த குண்டு 5.6, முழுக் குண்டு 8.7. ஆற்றல் ஏறத்தாழப் பாதியானால் ஆழம் குறைகிறது, உண்மை. ஆனால் நான் பெருமையடித்த அளவுக்கு இல்லை.

அப்பத்தாவை மீண்டும் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தவறாகச் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவள், "அந்தக் கூழுக்குள்ளே எலும்பு இருக்காடா?" என்றாள்.

"இல்லை அப்பத்தா."

"நரம்பு?"

"அதுவும் இல்லை."

"பிறகு என்னடா கழுத்து?"

சனிக்கிழமை சிவாஜிநகர் ரஸ்ஸல் சந்தைக்குப் போனேன். கறிக்கடைக்காரர் நம்மவர். ஆட்டுக் கழுத்தெலும்பு முழுசாக வேண்டும், துண்டு போட வேண்டாம் என்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"சூப்புக்கா தம்பி?"

"ஆமாண்ணே" என்றேன்.