லண்டனில் அச்சான மலைக்கோட்டை

திருச்சிக்குப் போகிறவர்கள் உச்சிப் பிள்ளையாரைத் தரிசித்துவிட்டு, மூச்சு வாங்குவது நிற்பதற்குள் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறிவிடுவது வழக்கம். நேயர்களே, அடுத்த முறை அம்மா மண்டபத்தில் இறங்கிப் படித்துறையில் சற்று உட்காருங்கள். காவிரிக்கு அக்கரையில் மலைக்கோட்டை தெரியும்.

1792-ல் தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும், அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் திருச்சிக்கு வந்தார்கள். ஊர் திரும்பி, 1795 முதல் 1808 வரை 144 இந்தியக் காட்சிகளைச் செப்புத் தகட்டில் பொறித்து லண்டனில் வெளியிட்டார்கள். காவிரியிலிருந்து கண்ட மலைக்கோட்டையும் அவற்றில் ஒன்று.

அதன் நகலை மடியில் வைத்துக்கொண்டு நாம் உட்கார்ந்திருந்தோம். குளித்துக் கரையேறிய ஒரு சிறுவன் எட்டிப் பார்த்தான்.

"நம்ம மலைக்கோட்டை! போட்டோவா, ஸார்?"

"இல்லை தம்பி, தகட்டிலிருந்து அச்சிட்டது."

"எப்படி?"

சொன்னோம். செப்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடுகாட்டி ஒட்டவைப்பார்கள். அமிலத்தில் இட்டால் தூளுக்கு நடுவே செம்பு அரித்துப் பொடிக் குழிகள் விழும். குழியில் மை தங்கும். ஈரத் தாளைப் பரப்பி உருளையில் அழுத்தினால், வானமும் பாறை நிழலும் தாளுக்கு வந்துவிடும். இடது வலமாக மாறி விழும் என்பதால், தகட்டில் எல்லாவற்றையும் திருப்பிப் போடவேண்டும்!

"ஒரு தகட்டில் எத்தனை படம் வரும்?" என்றான் பையன். கெட்டிக்காரன்!

அதுதான் இந்தக் கலையின் விசேஷம். அச்சுச் சித்திரத்தின் அடியில் பென்சிலால் '7/25' என்று எழுதியிருந்தால், இருபத்தைந்து பிரதிகளில் அது ஏழாவது. இருபத்தைந்தும் அசல்தான். ஆகையால் நடுத்தரக் குடும்பத்தின் கூடத்திலும் ஓர் அசல் சித்திரம் தொங்கலாம்.

ஆனால், தகட்டைப் போலக் கைப்பழக்கமும் பல பிரதி எடுக்கப்பட வேண்டுமே! புத்தகத்தைப் படித்து இந்த வித்தை வராது. பக்கத்தில் நின்று பழக வேண்டும். பரோடாவில் 1999-ல் ஓவியர்கள் சேர்ந்து 'சாப்' என்ற அறக்கட்டளையைத் தொடங்கியது இதற்காகத்தான். துணியில் குத்தும் முத்திரையைச் 'சாப்பா' என்போமே, அதே குடும்பத்துச் சொல்! பொது அச்சுக்கூடம், பயிற்சி, கண்காட்சி என்று கலையை அது வளர்த்து வருகிறது. நம் சென்னையிலும், கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியில் இதற்கென்று ஒரு கூடம் உண்டு.

டேனியல்கள் வந்தபோது ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் மொட்டையாக நின்றது. அஹோபில மடத்து 44-வது ஜீயரின் முயற்சியால் 1987-ல்தான் 236 அடிக்கு நிமிர்ந்தது. ஒரு தலைமுறை விட்டதை இன்னொரு தலைமுறை முடிக்கலாம் அல்லவா? மலைக்கோட்டையை அன்று லண்டன் அச்சிட்டது. இனித் திருச்சிப் பிள்ளைகள் அச்சிடட்டும்.

"தகடு இல்லாட்டி?" என்றான் பையன்.

"வீட்டில் வெண்டைக்காய் இருக்குமே! குறுக்கே நறுக்கி, மை தொட்டுத் தாளில் குத்திப் பார்."

ஈரத் துண்டோடு ஓடினான். அன்று அவன் வீட்டில் வெண்டைக்காய்க் கறி நடந்திருக்குமா என்பது சந்தேகந்தான்!