குருவானவர் வராத ஞாயிறு

திருச்சபை எப்பொழுது பிறந்தது என்று கேட்டால், புதுநன்மைக்குத் தயாராகும் சிறுவனும் தயங்காமல் விடை சொல்வான்: பெந்தெகொஸ்தே நாளில், எருசலேமில், தூய ஆவியார் இறங்கி வந்தபோது. விடை சரியே. ஆனால் அதே சிறுவனின் தந்தையிடம், "உங்கள் ஊரில் திருச்சபை எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் கோவிலைக் காட்டுவார். அல்லது பங்குக் குருவின் இல்லத்தைக் காட்டுவார். தம்மையும் தம் மனைவி மக்களையும் சுட்டிக் காட்டுபவர் மிகச் சிலரே.

சிங்கம்புணரிப் பகுதியின் கிளைக்கிராமங்களுக்குச் செல்லும்போதெல்லாம் இதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு குருவானவர் வருகிறார். அன்று மணி ஒலிக்கிறது, விளக்கு எரிகிறது, பாடல் கேட்கிறது. மற்ற ஞாயிறுகளில் கோவில் கதவில் பூட்டுத் தொங்குகிறது. "சாமி, தலைக்கட்டு வரியைக் கட்டிவிட்டோம், திருவிழாவுக்கும் வந்துவிட்டோம், இன்னும் என்ன கடமை பாக்கி இருக்கிறது?" என்று நம்மிடமே கேட்ட குடும்பத் தலைவர்களும் உண்டு. கேள்வி நேர்மையானது. ஆகவே நேர்மையான விடையும் வேண்டும். அந்த விடையைத் திருச்சபையின் பிறப்பு வரலாற்றிலேயே தேடுவோம்.

பெயர் எழுதப்படாத சீடர்கள்

பெந்தெகொஸ்தே நாளில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றனர் என்று அப்போஸ்தலர் பணி நூல் கூறுகிறது. அவர்களுக்கென்று தனிக் கோவில் இல்லை, கோபுரம் இல்லை, கொடிமரம் இல்லை. நான்கு பழக்கங்கள் மட்டுமே இருந்தன. அப்போஸ்தலரின் போதனையைக் கேட்டனர்; உடன்பிறப்புகளாய்க் கூடி வாழ்ந்தனர்; அப்பம் பிட்டனர்; செபித்தனர். வீடுகளே அவர்களுக்குக் கோவிலாயின. நம் கடமைகள் யாவும் இந்த நான்கு வேர்களிலிருந்து கிளைத்தவையே.

சில காலத்திற்குள் துன்பம் வந்தது. புனித ஸ்தேவான் கல்லால் எறிந்து கொல்லப்பட்டார். எருசலேமில் இருந்த விசுவாசிகள் நாலாபக்கமும் சிதறினர். இங்கே அந்நூல் ஒரு செய்தியைத் தெளிவாய்க் குறித்து வைத்திருக்கிறது: சிதறியவர்கள் சாதாரண விசுவாசிகள், அப்போஸ்தலர்களோ எருசலேமிலேயே தங்கியிருந்தனர். சிதறியோர் பெனிசியாவுக்கும் சைப்பிரசுக்கும் அந்தியோக்கியாவுக்கும் சென்றனர். அவர்களில் சைப்பிரசையும் சிரேனையையும் சேர்ந்த சிலர், அந்தியோக்கியாவில் கிரேக்கரோடும் பேசி ஆண்டவர் இயேசுவை அறிவித்தனர். பெருந்தொகையானோர் மனம் திரும்பினர்.

அந்தச் சிலர் யார்? அவர்கள் பெயர் எழுதப்படவில்லை. வணிகராய் இருந்திருக்கலாம், கைத்தொழில் செய்தவராய் இருந்திருக்கலாம். சென்ற ஊரில் பிழைப்பைத் தேடியவர்கள், பிழைப்போடு விசுவாசத்தையும் கொண்டு சென்றார்கள். செய்தி எருசலேமுக்கு எட்டிய பின்னரே பர்னபா அனுப்பப்பட்டார். அவர் வந்து கண்டு மகிழ்ந்தார். சவுலை அழைத்து வந்தார். இருவரும் ஓராண்டு அங்கே தங்கிப் போதித்தனர். கிறிஸ்தவர் என்ற பெயர் முதன்முதலாக வழங்கியது அந்த அந்தியோக்கியாவில்தான். நாம் இன்று சுமக்கும் திருப்பெயர், பெயர் தெரியாத விசுவாசிகள் தொடங்கிய சபையில் பிறந்தது என்பதை மறத்தல் ஆகாது. யூதேயாவில் பஞ்சம் நேர்ந்தபோது, தத்தம் சக்திக்கு ஏற்றவாறு பொருள் திரட்டி அனுப்பியதும் அதே சபைதான்.

மறவ நாட்டில் நடந்தது

இது ஏதோ தொலைதூர வரலாறு என்று எண்ண வேண்டாம். 1987-ஆம் ஆண்டு மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான நம் சிவகங்கை மறைமாவட்டத்தின் மண்ணிலும் இதுவே நடந்தது. சிங்கம்புணரி இதன் ஒரு கோடியில் இருக்கிறதென்றால், மறுகோடியில், கடலை நெருங்கிய நிலத்தில், புனித அருளானந்தர் இரத்தம் சிந்திய ஓரியூர் இருக்கிறது.

லிஸ்பன் மாநகரில் 1647-இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, 1673-இல் இந்தியாவுக்கு வந்து, அருளானந்தர் என்ற பெயரோடு தமிழ் மண்ணில் உழைத்தார். 1686-இல் மறவ நாட்டில் அவர் பிடிபட்டுக் கொடிய வேதனைக்கு உள்ளானபோது, அவருடைய உபதேசியார்களும் உடன் பிடிபட்டு உடன் துன்புற்றனர். பின்னர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட அவர், அங்கேயே தங்கிவிடாமல் 1690-இல் மீண்டும் வந்தார். தடியத்தேவர் என்னும் மறவர் குலத் தலைவர் கடும் நோயுற்று அவரை அழைத்தபோது, அருளானந்தர் தாம் செல்லாமல் உபதேசியார் ஒருவரை அனுப்பினார். அந்த உபதேசியார் நற்செய்தியை வாசித்துச் செபித்தார்; நோய் நீங்கிற்று என்று மறைபரப்பு வரலாறு கூறுகிறது. 1693 சனவரியில் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, பல மனைவியரில் ஒருத்தியோடு மட்டும் வாழத் துணிந்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் கிழவன் சேதுபதி மன்னரின் உறவினர். அதன் விளைவாய் அருளானந்தர் சிறைப்பட்டு, அவ்வாண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டார். 1947-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அருளானந்தரின் பெயரை நாம் அனைவரும் அறிவோம். நோயாளியின் அருகில் அமர்ந்து நற்செய்தி வாசித்த அந்த உபதேசியாரை எத்தனை பேர் நினைக்கிறோம்? குரு ஒருவர் பல நாள் நடந்து சென்று சந்திக்க வேண்டிய பரப்பில், ஊருக்கு ஊர் விசுவாசத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் உபதேசியார்களே. ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வதும், சிறுவருக்கு மந்திரங்களைக் கற்பிப்பதும், சாகும் தறுவாயில் உள்ள குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பதும், இறந்தோரை அடக்கம் செய்விப்பதும் அவர்கள் பணியாய் இருந்தன. அதனாலன்றோ வீரமாமுனிவர் அவர்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை இயற்றினார்! தேம்பாவணி பாடிய பெரும்புலவர், உபதேசியாரின் நடத்தைக்கும் ஒரு நூல் வேண்டும் என்று கருதினார் எனில், அவர்கள் தோள்மீது எவ்வளவு பாரம் இருந்தது என்பது விளங்கும்.

சோதனைக் காலமும் வந்தது. 1759-இல் போர்த்துக்கல் அரசு இயேசு சபையை விரட்டியது. 1773-இல் அச்சபை முழுவதும் கலைக்கப்பட்டது. மதுரை மறைபரப்புத் தளத்திற்குப் புதிய குருக்கள் வருவது நின்றது. எஞ்சிய முதியோர் ஒவ்வொருவராய் மறைந்தனர். கோவாவிலிருந்து வந்த குருக்களும், புதுச்சேரியிலிருந்து வந்த குருக்களும் தம்மால் இயன்றவரை உழைத்தனர். ஆயினும் பரப்புப் பெரிது, ஆட்கள் சிலர். 1838-இல் பிரெஞ்சு நாட்டு இயேசு சபையினர் மதுரைப் பகுதிக்குத் திரும்பி வந்தபோது, ஒரு மனிதரின் ஆயுட்காலம் ஏறக்குறையக் கடந்திருந்தது. ஆனால் விசுவாசம் அழிந்திருக்கவில்லை. தாய் பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுத்தாள். பாட்டி பேரனுக்கு அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொடுத்தாள். அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் நாம் இன்று இங்கே இருந்திருப்போமா?

நாகசாகி தரும் சாட்சி

ஜப்பான் நாட்டு வரலாறு இதை இன்னும் வியப்பாய்க் காட்டுகிறது. அங்கே கிறிஸ்தவ மறை தடை செய்யப்பட்டு, பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் குருக்கள் ஒருவரும் இல்லாமற் போயினர். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் திருப்பலி இல்லை; பாவசங்கீர்த்தனம் இல்லை. மறைந்து வாழ்ந்த விசுவாசிகள் தங்களுக்குள் பொறுப்புகளைப் பகிர்ந்துகொண்டனர். திருவிழா நாள்களைக் கணக்கிட ஒருவர்; திருமுழுக்குக் கொடுக்க ஒருவர். 1865 மார்ச் 17-ஆம் நாள், நாகசாகியில் புதிதாய்க் கட்டப்பட்ட ஊரா ஆலயத்திற்கு ஊராகாமி கிராமத்தார் சிலர் வந்து, பெத்திழான் என்ற பிரெஞ்சுக் குருவை நெருங்கி, தாங்களும் அதே விசுவாசம் உடையோர் என்று மெல்லிய குரலில் தெரிவித்து, மாதாவின் சுரூபம் எங்கே என்று கேட்டனர். ஏழு தலைமுறைக்கு மேல் குருவைக் காணாத மக்கள், குருவைக் கண்டவுடன் இனங்கண்டு கொண்டனர்.

அப்படியாயின் குருவே தேவையில்லையா என்று யாரேனும் கேட்கலாம். அவ்வாறு அல்ல. அந்தியோக்கியர் பர்னபாவை வரவேற்றனர். ஊராகாமி மக்கள் குருவைத் தேடி வந்தனர். நற்கருணையின்றித் திருச்சபை முழுமை அடைவதில்லை. அப்போஸ்தலரின் வழிவந்த ஆயர்களும் குருக்களும் இன்றி நற்கருணை இல்லை. ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். குருவுக்காக ஏங்கிக் காத்திருக்கும் சபை உயிருள்ள சபை. குரு வரும்வரை உறங்கிக் கிடக்கும் சபையோ நோயுற்ற சபை. இரண்டும் காத்திருப்பது போலத் தோன்றினும் வேறுபாடு பெரிது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு, ஆயர்களையும் குருக்களையும் பற்றிப் பேசுமுன், இறைமக்கள் அனைவரையும் பற்றித் தனி அதிகாரம் ஒன்றை வைத்திருக்கிறது. அந்த வரிசை தற்செயலானது அன்று. குருவும் முதலில் திருமுழுக்குப் பெற்ற ஒரு விசுவாசியே. 2022 மே 15-ஆம் நாள் புனிதராக அறிவிக்கப்பட்ட நம் தேவசகாயத்தை எண்ணிப் பாருங்கள். அவர் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர், மனைவியோடு வாழ்ந்த அரண்மனைப் பணியாளர். அவருக்கு முதலில் கிறிஸ்துவை அறிமுகப்படுத்தியவரும் குரு அல்லர். குளச்சல் போரில் சிறைப்பட்டுத் திருவிதாங்கூர்ப் படையில் பணியாற்றிய டிலனாய் என்னும் படைவீரர். பின்னரே 1745-இல் வடக்கன்குளத்தில் குருவானவர் கையால் திருமுழுக்கு. 1752-இல் ஆரல்வாய்மொழியில் மறைசாட்சி மரணம்.

வரப்பும் பயிரும்

இனி, பாக்கி இருக்கும் கடமைகளுக்கு வருவோம். திருச்சபையின் கட்டளைகளை நாம் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தோம்: ஞாயிறும் கடன் திருநாளும் திருப்பலி காண்பது; ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்வது; பாஸ்கா காலத்தில் நற்கருணை உட்கொள்வது; ஒருசந்தியும் சுத்தபோசனமும் காப்பது; திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது. இவை வயலைச் சுற்றிய வரப்பு போன்றவை. வரப்பு இல்லையேல் நீர் நில்லாது. ஆனால் வரப்பே பயிர் ஆகிவிடாது. வரியைக் கட்டியவர் வரப்பில் ஒரு பக்கத்தைக் கட்டியவர். பயிர் எங்கே?

பயிர் வீட்டில் தொடங்குகிறது. மாலையில் விளக்கேற்றிய பின் குடும்பமாய்ச் சேர்ந்து செபமாலை சொல்லும் பழக்கம் எத்தனை வீடுகளில் எஞ்சியிருக்கிறது? பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்ப்பது பெற்றோரின் முதற்கடமை. மறைக்கல்வி ஆசிரியர் அதற்குத் துணை நிற்பவரேயன்றிப் பெற்றோருக்குப் பதிலாள் அல்லர். திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புக்காகச் செல்லும் நம் இளைஞர், அந்தியோக்கியாவுக்குச் சென்றோர் போல விசுவாசத்தையும் கொண்டு செல்வார்களா என்பது, இன்று நம் வீட்டு முற்றத்தில் முடிவாகிறது.

அடுத்து, குருவானவர் வராத ஞாயிறு. குருவானவர் இல்லாமையால் திருப்பலி காண இயலாதபோது, விசுவாசிகள் கூடி இறைவாக்கு வழிபாட்டில் பங்குகொள்ளுமாறும், அல்லது தனியாகவோ குடும்பமாகவோ பல குடும்பங்கள் சேர்ந்தோ செபிக்குமாறும் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1248-ஆம் சட்டத்தில், மிகவும் வலியுறுத்துகிறது. ஆகவே பூட்டைத் திறக்கச் சாமி வரவேண்டியதில்லை. மணியை அடியுங்கள். அன்றைய வாசகங்களைப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வாசிக்கட்டும். எல்லோரும் விசுவாசப் பிரமாணம் சொல்லுங்கள். நோயுற்றோர் யார், பசித்தோர் யார் என்று விசாரியுங்கள். கலையுமுன் அவர்களைச் சென்று காணுங்கள். உபதேசியார்கள் செய்ததும் இதுவே.

மூன்றாவது, கூடிவாழும் கடமை. கோவிலில் தனி இடமும், கல்லறைத் தோட்டத்தில் தனிச் சுவரும் சாதியின் பெயரால் எழுந்த வரலாறு தமிழகத் திருச்சபைக்கு உண்டு. ஒரே அப்பத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள் ஒரே மண்ணில் உறங்கக் கூடாதா? இந்தக் கடமையைத் தவிர்ப்பவர் மற்றக் கடமைகளை எவ்வளவு ஒழுங்காய்ச் செய்தாலும், பெந்தெகொஸ்தே திருச்சபையில் அவருக்கு இருக்கை கிடைப்பது அரிது.

நான்காவது, அயலார் முன் சாட்சியம். சேவுகப்பெருமாள் அய்யனார் திருவிழாவுக்கு ஊரே திரளும் சிங்கம்புணரியில் நாம் எண்ணிக்கையிற் சிறியோர். நம் அயலார் வேதாகமத்தை வாசிக்கமாட்டார்கள், நம்மை வாசிப்பார்கள். எடையில் நேர்மை, கூலியில் நியாயம், வாக்கில் உறுதி, அயலார் வழிபாட்டின்மீது மரியாதை ஆகியவையே அவர்கள் படிக்கும் நற்செய்தி.

நம் ஊரில் கயிறு திரிப்பதைக் காணாதவர் இல்லை. தேங்காய் மட்டையிலிருந்து எடுத்த நார் ஒவ்வொன்றும் சாண் நீளமே. எந்த நாரும் கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை செல்வதில்லை. ஒரு நார் முடியுமுன் அடுத்த நார் அதனோடு முறுக்கிக்கொள்கிறது. அதனாலேயே கயிறு நீள்கிறது, பாரம் தாங்குகிறது. அந்தியோக்கியாவின் பெயரில்லாச் சீடர் முதல், மறவ நாட்டு உபதேசியார் வழியாய், நம் பாட்டிமார் வரை திருச்சபை நீண்டு வந்தது இவ்வாறே. இப்பொழுது நம் முறை வந்திருக்கிறது.

வருகிற ஞாயிறு உங்கள் ஊருக்குக் குருவானவர் வரும் நாளாய் இல்லாதிருக்கலாம். ஆயினும் திருச்சபை அங்கே இருக்கவேண்டும். பெந்தெகொஸ்தே நாளில் இறங்கிய அதே ஆவியார் நம் இல்லங்களிலும் இறங்கி, நம்மைத் திடப்படுத்துவாராக.