ஊமைப் பெட்டி

சென்ற கோடை விடுமுறையில் நாமகிரிப்பேட்டையை அடுத்த எங்கள் சிற்றூருக்குச் சென்றிருந்தேன். வாயிலிற் கால் வைக்குமுன்னரே அப்பச்சி, "உன்ற அம்மாயி பாட்டுப் போயிருச்சு, கண்ணு" என்றார். என் தாயைப் பெற்ற அம்மாயி மறைந்து ஆறாண்டுகளாயின. 2007-ஆம் ஆண்டில், தொட்டிலிற் கிடந்த என்னை உறங்கவைக்க அவர் பாடிய தாலாட்டொன்றை என் மாமா வீட்டுக் கணிப்பொறியிற் பதிந்து வைத்திருந்தார். மாலைதோறும் அதனைக் கேட்டபின்னரே உண்பது அப்பச்சியின் வழக்கம்.

கணிப்பொறியோ மிகப் பழையது. 2001-ல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி அதன்கண் இன்னும் ஆட்சி புரிகின்றது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2014 ஏப்ரலில் அதனைக் கைவிட்ட செய்தி எங்கள் வீட்டுக்கு எட்டவில்லை.

பதிவு அழிந்ததோ என்று அறிவான் வேண்டி, முதற்கண் அதனைப் பென் டிரைவிற் படியெடுத்து என் கைப்பேசியில் இயக்கினேன். அம்மாயியின் குரல் பழுதின்றி ஒலித்தது. வேலை முடிந்ததென்று நான் மகிழ்ந்தேன்; அப்பச்சியின் முகமோ மலரவில்லை. "அது உன்ற பெட்டி. நான் இந்த நாற்காலியில உக்காந்து கேக்கோணும்" என்றார்.

ஒலிபெருக்கியைக் கைப்பேசியோடு இணைத்தேன், பேசிற்று. ஆகவே குற்றம் அதன்பாலில்லை. திரையின் அடிமூலையிலுள்ள ஒலிக்குறியைத் திறந்து, 'மியூட்' என்னுங் கட்டத்திற் குறி விழுந்துள்ளதோ, 'வேவ்' என்னுங் கோல் தாழ்ந்துள்ளதோ என நோக்கினேன், யாவும் செவ்வையாயிருந்தன. டிவைஸ் மானேஜரில் மஞ்சட்குறி யாதுமில்லை. டிரைவரையும் நீக்கி மீண்டும் நிறுவினேன். பாட்டு ஓடுகின்றதென்று திரை காட்டிற்று. ஒலி மட்டும் வரவில்லை. இரண்டு நாள் இவ்வாறே கழிந்தன.

மூன்றாம் நாள் அப்பச்சி கூறினார்: "டூரிங் கொட்டாயில சில நாளு படம் ஓடும், பேச்சு வராது. பிலிம்ல சத்தம் இருக்கும். அதைப் படிக்கிற வெளக்குப் போயிருக்கும். மாத்துனாப் பேசும்." சேலம் ஏற்காட்டுச் சாலையில் டி. ஆர். சுந்தரம் 1935-ல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் படங்களைக் கொட்டகை மணலில் அமர்ந்து கண்டு வளர்ந்தவர் அவர். அவ்வுரை கேட்டபின்னரே, ஓடும் பாட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே வழி எங்கோ அறுந்திருத்தல் கூடுமென எனக்குத் தோன்றிற்று.

மின்னிணைப்பை நீக்கிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே தூசு சிறிதுமில்லை! வினவியபோது, சென்ற மாதம் ஒருவர் வந்து துடைத்துச் சென்றாரென அறிந்தேன். முன்பக்கத்து ஹெட்போன் துளையினின்று வருங் கம்பிக்கற்றை முனை ஒடிந்து தொங்கிற்று. ஒலிபெருக்கி செருகப்படுவது பின்பக்கத்துப் பச்சைத் துளையிலன்றோ? முன்பக்கக் கம்பி ஒடிந்தால் அதற்கென்ன?

எதனையும் எறியாத அப்பச்சி, தாய்ப்பலகையோடு வந்த கையேட்டையும் அலமாரியில் வைத்திருந்தார். நச்சினார்க்கினியர் உரையோடு போராடிப் பழகிய எனக்கு அதன் ஆங்கிலம் பெரிதன்று. ஏசி 97 என்னும் முறையில் அமைந்த அப்பலகையில் ஒலி முதலில் முன்பக்கஞ் சென்று, அங்கிருந்து திரும்பியே பின்பக்கம் வரும். முன்னே ஹெட்போன் செருகினால் பின்னே ஒலிபெருக்கி அடங்குதற்பொருட்டு இவ்வேற்பாடு. அக்கம்பி இல்லையாயின், 5, 6 ஆம் ஊசிகளையும் 9, 10 ஆம் ஊசிகளையும் ஜம்பரால் இணைத்தல் வேண்டும். ஜம்பருக்கு எங்கே போவது? பரண்மேற் கிடந்த பழுதான ஹார்டு டிஸ்குகளின் பின்புறத்தில் இரண்டு அகப்பட்டன. நகத்தளவுகூட இல்லாத பொருள்கள்!

அன்று மாலை நாற்காலிக்கெதிரே பாட்டு ஒலித்தது. எக்ஸ்பியின் சவுண்ட் ரெக்கார்டர் இயல்பாக 60 வினாடிக்குமேற் பதியாது. மாமா அதனை அறிந்திலர். ஆதலின் அம்மாயியின் தாலாட்டு ஒரு சொல்லின் நடுவே அறுந்து நின்றுவிடும். கைப்பேசியில் அவ்வாறு நின்றபோது நான் அதனைப் பொருட்படுத்தவில்லை. இப்பொழுது அப்பச்சி அச்சொல்லைப் பற்றிக்கொண்டு, எஞ்சிய பாட்டைத் தாமே மெல்லப் பாடி முடித்தார். பின்னர், "சோத்தப் போடு, கண்ணு" என்றார்.