சோறிட்ட கை

எங்கள் தெருமுனைப் புங்கமரத்தடியில் செவலைநிறப் பெண்நாய் ஒன்று இருந்தது. பள்ளிக்குச் செல்லும்போது நாள்தோறும் அதற்கு ஒரு பிடி சோறு வைப்பேன். என் காலடியோசை கேட்டதும் வாலாட்டி ஓடிவரும். உயிரிரக்கம் என்பது இதுவே என்று எனக்குள் ஒரு பெருமிதம்.

அவ்வாண்டு மார்கழியில் அது ஐந்து குட்டிகளை ஈன்றது. குட்டியொன்றைத் தூக்கச் சென்ற எதிர்வீட்டுச் சிறுமியின் கையைக் கடித்துவிட்டது. வீட்டார் பதறிக் காயத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் பூச முனைந்தனர். அண்டைத் தெருவில் குடியிருந்த செவிலியர் ஓடிவந்து தடுத்தார். குழாயடியில் ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவினார். "வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிது. அதற்கு முன்னரே தடுப்பூசி போட்டுக் காத்துவிடலாம்" என்று கூறி, அரசு மருத்துவமனைக்கு உடன் சென்றார்.

அன்று மாலை தெருவார் தடிகளோடு கூடினர். நான் நாயின்முன் நின்று மறித்தேன். "என் பிள்ளை அழுதது உன் காதில் விழவில்லையா, தம்பி?" என்று சிறுமியின் தாய் கேட்டார். என்னிடம் விடை இல்லை. தந்தை என் தோளைத் தொட்டார். "சோறு போட்டாய், சரி, தடுப்பூசி போட வழி செய்தாயா? குட்டி ஈன்ற நாய் சீறும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னாயா?" என்றார். தடிகளைவிட அச்சொற்களே என்னைச் சுட்டன.

தெருவாரைத் தந்தை அமைதிப்படுத்தினார். மரத்தடியைச் சுற்றி முள்வேலி கட்டினோம். பத்து நாள் நாயைக் கண்காணித்தோம். அது நலமாகவே இருந்தது. ஆயினும் சிறுமிக்குத் தடுப்பூசித் தவணை எதுவும் தவறவில்லை. குட்டிகள் பால்மறந்த பின்னர் நகராட்சி வண்டி வந்தது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்து, காதில் சிறு வெட்டு அடையாளத்தோடு செவலை தன் இடத்திற்கே திரும்பியது.

நாய்களைக் கொன்று ஓரிடத்தை வெறுமையாக்கினால், அங்குள்ள குப்பையுணவை நாடி வேறு நாய்கள் வந்துசேரும். ஆகவேதான் கருத்தடை முறையைச் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1960களிலேயே வலியுறுத்தியது. 2001இல் அது நாடு தழுவிய விதியாயிற்று. 2023இல் புதிய விதிகள் வகுக்கப்பட்டன. ஊர் நாய்களுள் நூற்றுக்கு 70க்குக் குறையாமல் தடுப்பூசி போட்டுவந்தால் வெறிநோய் பரவும் சங்கிலி அறும். குப்பையை மூடி வைப்பதும் இப்பணியில் ஒரு பாதியே.

கள்வனைக் கடித்துத் தன் தலைவனருகே காத்துநின்ற நாயையும் நடுகல்லில் பொறித்துவைத்த மண் இது. அந்நன்றியை மறத்தல் ஆகாது. குழந்தையின் அச்சத்தை மறத்தலும் ஆகாது.

இன்றும் செவலைக்குச் சோறு வைக்கிறேன், பிள்ளைகள் நடமாடாத மதிலோரத்தில். எதிர்வீட்டுச் சிறுமி இன்னும் அவ்வழியே தனியே போவதில்லை. அவளோடு தெருமுனை வரை நடந்துசெல்வதும் இப்போது என் கடமைகளுள் ஒன்று.