முன்பாதிக்குக் காசு கொடுங்கள்

பூல் ஆட க்யூ வாங்க வருகிறவர்கள் எல்லோரும் பின்பாதியைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள். வேலைப்பாடெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கூர்கூராக மேலேறும் நிறப் பட்டைகள், பிடிமானத்துக்குச் சுற்றிய ஐரிஷ் லினன் நூல், சில சமயம் ஒரு டிராகன் அல்லது மண்டையோடு. விலை குறைந்த க்யூவில் இதில் பெரும்பகுதி மரத்தில் பதித்தது கிடையாது. படத்தை ஒட்டி மேலே வார்னிஷ் ஏற்றியிருப்பார்கள். நகத்தால் தடவினால் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஓரங்களை உற்றுப் பார்த்தால் அச்சுப் புள்ளிகள் தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும், அழகு குற்றமில்லை. ஆனால் பந்தைத் தொடுவது அந்தப் பாதி இல்லை. பந்தைத் தொடுவது முன்பாதியின் நுனியில் இருக்கும் 13 மில்லிமீட்டர் அகலத் தோல் துண்டு ஒன்று, டிப்.

பார்லரில் டிப் மாற்றுவது, டிப்புக்கு அடியில் இருக்கும் ஃபெரூலை ஒட்டுவது, முன்பாதியான ஷாஃப்டைத் துடைத்துக் கொடுப்பது என்று பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலமானால் ஆட்டமும் உண்டு. என்னிடம் யோசனை கேட்டு வரும் தம்பிகளில் முக்கால்வாசிப் பேர் முதல் சம்பளத்தில் சொந்த ஸ்டிக் வாங்க நினைப்பவர்கள். கையில் ஆறாயிரம், ஏழாயிரம் இருக்கும். மிஞ்சிப்போனால் பத்து. அந்தக் காசுக்கு ஒழுங்கான பூல் க்யூ கிடைக்குமா என்றால், கிடைக்கும். காசை எந்த முனையில் போடுகிறோம் என்பதில்தான் விஷயம்.

டிப்பும் வெள்ளைப் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடியின் அதிர்வை உங்கள் கை உணரும்போது பந்து கிளம்பிப் போயிருக்கும். அதனால் பின்பாதியில் என்ன மரம், எத்தனை பதிப்பு என்பதெல்லாம் கைக்குச் சுகம், கண்ணுக்குச் சுகம், அவ்வளவே. எடையைப் பற்றியும் அதிகம் கவலைப்பட வேண்டாம். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸ். 19 என்று வாங்கினால் யாருக்கும் பொருந்தும். அது கிட்டத்தட்ட 540 கிராம். பெரும்பாலான க்யூக்களில் அடிப்பக்கத்து ரப்பரைக் கழற்றினால் உள்ளே எடை போல்ட் ஒன்று இருக்கும். அதை மாற்றி ஒரு அவுன்ஸ் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

பின்பாதி மோகத்துக்கு ஒரு சினிமாவும் காரணம். 1986இல் வந்த ‘தி கலர் ஆஃப் மணி’ படத்தில் பால் நியூமன், டாம் குரூஸுக்கு ஒரு பாலபுஷ்கா க்யூவைப் பரிசாகக் கொடுப்பார். ஜார்ஜ் பாலபுஷ்கா ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்து, அந்நாட்டின் பெயர்பெற்ற க்யூ தச்சரானவர், 1975இல் காலமானார். அவர் கைபட்ட க்யூ இன்று சேகரிப்பாளர்களின் சொத்து. ஆனால் படத்தில் வருவது பாலபுஷ்காவே இல்லை. ஜாஸ் கம்பெனி செய்த, அதே சாயலில் இருக்கும் க்யூ. திரையில் பார்த்த பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலபுஷ்கா தன் க்யூக்கள் பலவற்றுக்கு எடுத்த மூலக்கட்டை, பிரன்ஸ்விக் கம்பெனியின் டைட்லிஸ்ட் கட்டை. பார்லர் சுவரில் மாட்டும் பொது ஸ்டிக்குகளுக்காகச் செய்தது அது. அதையே இரண்டாக அறுத்து, இணைப்பு வைத்து, தன் கைத்திறனை ஏற்றினார்.

இதை நான் சொல்வதற்குக் காரணம், குறைந்த காசுக்கு என் முதல் சிபாரிசும் அந்தக் குடும்பத்திலிருந்துதான். ஸ்னீக்கி பீட் என்று ஒரு வகை உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் பார்லர் ஸ்டிக் மாதிரியே இருக்கும். நூல் சுற்று கிடையாது, மினுக்கல் கிடையாது, ஆனால் நடுவில் கழற்றலாம். அமெரிக்காவில் பந்தயத்துக்கு ஆடியவர்கள், சொந்த க்யூ என்று எதிராளிக்குத் தெரியக்கூடாது என்று வைத்திருந்தது. நமக்கு அந்தத் தந்திரம் வேண்டாம். வேலைப்பாட்டுக்குப் போக வேண்டிய காசு மரத்துக்குப் போகிறது, அது போதும்.

இனி ஷாஃப்ட். பூல் க்யூவின் ஷாஃப்ட் மேப்பிள் மரம். வெளிறிய நிறம், ரேகை மெல்லிசாக இருக்கும். நல்ல ஷாஃப்டில் அந்த ரேகைகள் இணைப்பிலிருந்து ஃபெரூல் வரை நீளவாக்கில் ஓடும். நடுவழியில் ரேகை சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால், அந்த மரம் நாளைக்கு வளையும். கடைக்காரர் க்யூவை ஜோடித்து டேபிள்மேல் உருட்டிக் காட்டுவார். பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஜோடித்து உருட்டும்போது முனை ஆடினால் வளைந்திருப்பது ஷாஃப்டா, பின்பாதியா, இணைப்பு கோணலா என்று தெரியாது. கழற்றி, ஷாஃப்டைத் தனியாக உருட்டச் சொல்லுங்கள். முனை கனம் குறைவு, இணைப்புப் பக்கம் கனம் அதிகம் என்பதால் அது நேராகப் போகாமல் வட்டமடித்துத்தான் போகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குனிந்து, துணிக்கும் மரத்துக்கும் நடுவே தெரியும் வெளிச்சக் கீற்றைப் பாருங்கள். உருள உருள அந்தக் கீற்று ஒரே அளவாக இருந்தால் ஷாஃப்ட் நேர். திறந்து திறந்து மூடினால் கோணல்.

இதைவிட நான் நம்புவது டியூப்லைட்டை. ஷாஃப்டின் இணைப்புப் பக்கத்தைக் கன்னத்தருகே வைத்து, முனையை டியூப்லைட் பக்கம் நீட்டினால் மெருகின்மேல் வெள்ளைக்கோடு ஒன்று விழும். விரல்களால் மெதுவாகத் திருப்புங்கள். கோடு முனைவரை ஒடியாமல் போக வேண்டும். ஒரு இடத்தில் நெளிந்தால், திருப்பும்போது அந்த நெளிவும் கூடவே சுற்றி வந்தால், ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். புது ஸ்டிக்கில் மயிரிழை வளைவையும் ஏற்கக் கூடாது. பழைய ஸ்டிக் பாதி விலைக்கு வருகிறது, வளைவு சின்னது என்றால், நான் வாங்குவேன்.

முனையிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் தூரம் ஷாஃப்ட் ஒரே கனமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட்டக்காரர்கள் இதை ப்ரோ டேப்பர் என்பார்கள். விலை குறைந்த சில க்யூக்களில் டிப்பைத் தாண்டியதுமே மரம் பருக்கத் தொடங்கும். விரலை வளையமாக மடக்கி, அதற்குள் ஸ்டிக்கை விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் உடனே தெரிந்துவிடும். பின்னால் இழுக்கும்போது வளையம் தளரும், முன்னால் தள்ளும்போது இறுகும். அப்படிப்பட்ட ஸ்டிக்கில் கை பழகவே பழகாது.

இணைப்பைப் பற்றி ஆளாளுக்கு ஒரு வாதம் வைத்திருப்பார்கள். எஃகு வளையமா, மரத்தோடு மரமா என்று ராத்திரி முழுக்கப் பேசலாம். நான் பார்ப்பது இரண்டே. முறுக்கியபின் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. அடிரப்பரைத் தரையில் லேசாகத் தட்டினால் உள்ளே கிடுகிடுவென்று சத்தம் வரக் கூடாது. மற்றபடி திருகு பொதுவான அளவாக இருந்தால் நல்லது. 5/16-18, 3/8-10, யூனி-லாக் போன்றவை என்றால் பிற்பாடு வேறு ஷாஃப்ட் மட்டும் வாங்கிப் பொருத்தலாம். யாரும் கேள்விப்படாத திருகு என்றால் ஷாஃப்ட் போனால் மொத்தமும் போனது.

டிப்பில்தான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரம் எவ்வளவு நல்ல ஆச்சா மரமானாலும் சீவாளி சரியில்லையென்றால் ஊதுகிறவருக்குத் தொல்லை. க்யூவுக்கு டிப் அப்படி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரான்சுவா மாங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் தோல் டிப்பைப் பிரபலமாக்கியபிறகுதான் பந்தை வேண்டியபடி சுழற்றுவது ஒரு வித்தையாக வளர்ந்தது. இன்று ஏழாயிரம் ரூபாய் க்யூவோடு வரும் டிப் பெரும்பாலும் பஞ்சு மாதிரியோ கல் மாதிரியோ இருக்கும். ஆகவே பட்ஜெட்டில் ஐந்நூறு, ஆயிரத்தை ஒதுக்கி வையுங்கள், வாங்கிய அன்றே டிப்பை மாற்றிவிடுங்கள். லெ ப்ரோ, ட்ரையாங்கிள் போன்ற ஒற்றைத் தோல் டிப் குறைந்த காசில் நன்றாக உழைக்கும். எல்க் மாஸ்டர் மென்மையானது. சீக்கிரம் காளான் மாதிரி ஓரம் பிதுங்கும். காமுய், மூரி என்று ஜப்பான்காரர்களின் டிப்புகள் மெல்லிய தோல்களை அடுக்கி ஒட்டியவை. நல்லவைதான், ஆனால் ஒரு டிப்பே ஆயிரத்தைத் தாண்டும். ஆட்டம் நிலைப்பட்டபின் பார்க்கலாம்.

ஒட்டும் வேலையில் ரகசியம் எதுவும் இல்லை, பொறுமை மட்டும் வேண்டும். பழைய டிப்பை பிளேடால் சீவி எடுத்ததும் ஃபெரூலின் முகத்தில் பழைய பசை பொருக்காக நிற்கும். அது முழுக்கப் போய் முகம் சமமாகும்வரை புதியதை வைக்கக் கூடாது. புது டிப்பின் அடியையும் உப்புத்தாளில் சொரசொரப்பாக்க வேண்டும். கெட்டியான சூப்பர் க்ளூ ஒரு சொட்டு, நடுவில் வைத்து அழுத்தம், பிறகு க்யூவைத் தலைகீழாக நிறுத்தி ஓரத்தைச் சீவுவது. வளைவுக்கு அமெரிக்காவில் நிக்கல் நாணயத்தை அளவு வைப்பார்கள். அதன் விட்டம் 21 மில்லிமீட்டரும் சொச்சமும். நம் ஊரில் 2011இல் வந்த ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர். அந்த நாணயத்தை டிப்புக்குப் பின்னால் பிடித்தால் இரண்டு வளைவும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். தட்டையாக விட்டால் ஓரத்தில் அடிக்கும்போது வழுக்கும்.

“அண்ணா, இந்த ஸ்டிக்கில ஸ்பின்னே ஏற மாட்டேங்குது” என்று வருகிற தம்பியின் டிப்பைப் பார்த்தால், கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கும். லேசாகச் சொரண்டி, சாக் பூசிக் கொடுத்தால் ஏறும். பந்தின் நடுவிலிருந்து விளிம்பு வரையுள்ள தூரத்தில் பாதியைத் தாண்டி அடித்தால் எந்த டிப்பும் வழுக்கும், அது வேறு. ஒவ்வொரு அடிக்கும் சாக் பூசாதவனுக்கு நான் யோசனையே சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே நிறைய பேர் ஸ்னூக்கர் டேபிளில் கை பழகியவர்கள். ஆச்சரியமில்லை, 1882இல் ஊட்டி கிளப்பில்தான் ஸ்னூக்கருக்கு விதிமுறை எழுதி மாட்டினார்கள். பழக்கத்தில் அதே ஸ்டிக்கை பூலுக்கும் எடுத்துவிடுகிறார்கள். ஸ்னூக்கர் க்யூ பெரும்பாலும் ஆஷ் மரம், டிப் ஒன்பது, பத்து மில்லிமீட்டர். ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர், பூல் பந்து 57. பெரிய, கனமான பூல் பந்தை அதில் ஓங்கி அடித்தால் டிப் கழன்று என்னிடம் வரும். எனக்கு வியாபாரம்தான், இருந்தாலும் வேண்டாம்.

லோ டிஃப்ளெக்‌ஷன் ஷாஃப்ட் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. பந்தின் பக்கவாட்டில் அடித்தால் வெள்ளைப் பந்து குறிவைத்த கோட்டைவிட்டு எதிர்ப்பக்கம் சற்று விலகிப் போகும். ஷாஃப்டின் முனைப் பகுதியில் எடை அதிகமானால் விலகலும் அதிகம். அதனால்தான் முனையைத் துளைத்து உள்ளே காலியாக்குகிறார்கள், ஃபெரூலைச் சின்னதாக்குகிறார்கள், கார்பனில் செய்கிறார்கள். வேலை செய்கிற சமாச்சாரம்தான். ஆனால் பெரிய கம்பெனியின் கார்பன் ஷாஃப்ட் ஒன்றின் விலைக்கு நாலைந்து நல்ல க்யூ வாங்கலாம். சாதாரண மேப்பிளில் விலகல் எவ்வளவு என்று கை கணக்குப் போடக் கற்றுக்கொள்ளும். ஒரே ஸ்டிக்கில் ஆடினால் மட்டும்.

ஸ்டீபன் ஹென்ட்ரியை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் கைக்கு வந்த, சுமார் 40 பவுண்டு பெறுமான ரெக்ஸ் வில்லியம்ஸ் க்யூவை வைத்தே 1990 முதல் 1999 வரை ஏழு முறை உலக ஸ்னூக்கர் பட்டம் வென்றார். 2003இல் விமானப் பயணத்தில் அது உடைந்துபோனது. அவர் வசதிக்கு எந்த க்யூவையும் வாங்கியிருக்க முடியும், அதுவரை மாற்றவில்லை.

வாங்கியபின் செலவு அதிகமில்லை. சென்னைக் காற்றில் மரம் ஈரம் குடிக்கும். பைக்கில் வெயிலில் கட்டிக்கொண்டு வந்து ஏசி அறையில் சுவரில் சாய்த்து வைத்தால் சீக்கிரம் வளையும். கழற்றி, பையில் வைத்து, படுக்கப் போடுங்கள். வியர்வையும் சாக்கும் பவுடரும் சேர்ந்து ஷாஃப்ட் பிசுபிசுத்தால் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் சூடேறத் தேய்த்தால் போதும். உப்புத்தாள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வருஷம் இரண்டு போனால் 13 மில்லிமீட்டர் ஷாஃப்ட் 12க்கு வந்து நிற்கும், ஃபெரூல் மட்டும் படிக்கட்டு மாதிரி துருத்தும்.

தனியாக பிரேக் க்யூ வாங்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதல் அடிக்கு பார்லர் சுவரில் தொங்கும் ஸ்டிக்கை எடுத்துப் பந்துகளைச் சிதறடியுங்கள், அதற்குக் காசு கிடையாது.