வலிக்கும் இடத்தில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரை

மதுரையில் நான் போயிருந்த ஸ்கேன் மையத்தில், எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழையுமுன் பாதிப் போராட்டம் மெட்டியோடுதான். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஓர் அக்காவின் கால்விரலில் சோப்புத் தண்ணீர் விட்டு, நூலைச் சுற்றி, மெல்ல உருவிக்கொண்டிருந்தார் டெக்னீஷியன். கல்யாணத்தன்று போட்ட மெட்டியாம். வெள்ளியைக் காந்தம் இழுக்காதுதான். ஆனால் படமெடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே உலோகம் இருந்தால் அந்தப் பகுதி கோணலாகி, கறுத்துவிடும்.

“நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலையாக்கா?”

“நாற்காலி போட்டிருக்காங்க தம்பி. உக்காரத்தான் நேரமில்ல.”

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். சட்டம் நாற்காலி வரைக்கும் வந்திருக்கிறது.

டாக்டர் சீட்டில் ‘மார்ட்டன் நியூரோமா?’ என்று எழுதியிருந்தது. 1876-இல் பிலடெல்பியா மருத்துவர் மார்ட்டன் விவரித்த கோளாறு. புற்றுக்கட்டி எல்லாம் இல்லை. பெரும்பாலும் மூன்றாம், நான்காம் விரல்களின் எலும்புகளுக்கு நடுவே ஓடும் நரம்பைச் சுற்றி நார்த்திசு தடித்துவிடுவது. டெக்னீஷியன் சீட்டோடு நிற்கவில்லை. “ஒரே வெரலால தொட்டுக் காட்டுங்கக்கா, எங்க ரொம்ப வலிக்குது?” என்றார். அவர் தொட்டது மேல்பாதத்தில், மூன்றாம் விரலுக்குப் பின்னால். அந்த இடத்தில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை வைத்து, நசுங்காமல் பிளாஸ்திரி ஒட்டினார். ‘டி1’ என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் கொழுப்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற மாத்திரை, இங்கே அடையாளக் குறி.

பிறகு குப்புறப் படுக்க வைத்தார். நியூரோமா இருந்தால் அப்படிப் படுக்கும்போதுதான் நன்றாகத் தெரியும். பாதத்தை, சிக்னல் வாங்கும் ‘காயில்’ என்ற கூட்டுக்குள் விட்டு, சுற்றிலும் ஸ்பாஞ்சு அடைத்தார். விரல் கொஞ்சம் ஆடினாலும் படம் மங்கிவிடும். எலும்பு நீர்கோத்திருந்தால் அது தெரிய, கொழுப்பின் வெளிச்சத்தை அடக்க வேண்டும். வளைந்து மெலியும் விரல் பகுதியில் அதைச் சீராக அடக்குவது கஷ்டம்; சரியாக அடங்காவிட்டால் நல்ல எலும்பும் நோயுற்றதுபோல் வெள்ளையாகக் காட்டும். அதனால், அங்கும் கொழுப்பைச் சீராக அடக்கும் ‘ஸ்டிர்’ முறையில் எடுத்தார்.

அந்த அக்காவின் சம்மதத்தோடு, ரேடியாலஜிஸ்ட் படம் பார்க்கும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். மூன்றாம், நான்காம் எலும்புகளுக்கு இடையில் உளுந்து அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு முடிச்சு. சீட்டை மட்டும் நம்பியிருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வலியே இல்லாதவர்களின் பாதங்களிலும் இப்படிப்பட்ட முடிச்சுகள் சர்வசாதாரணமாகத் தென்படுகின்றன. மாத்திரையின் வெள்ளைப் புள்ளி அதன் மேல் இல்லை. மூன்றாம் எலும்பின் மேல் இருந்தது. ஸ்டிர் படத்தில் அந்த எலும்பின் மஜ்ஜை நீர்கோத்து வெளுத்திருந்தது. டி1-இல் அதே இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு.

அழுத்த முறிவு; ஓயாத பளுவில் எலும்பில் விழும் மெல்லிய விரிசல். 1855-இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட், அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் வீங்கிய பாதங்களில் கண்டது இதைத்தான். முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்-ரேயில் இது தெரியாமல் போகலாம். அந்த அக்காவின் எக்ஸ்-ரேயிலும் தெரியவில்லை. நியூரோமா என்றால் ஊசி போடலாம். இதற்கு வேண்டியது ஓய்வு.

என்னைக் கேட்டால், அந்த ரிப்போர்ட்டில் பாதி டெக்னீஷியனுடையது. ரிப்போர்ட்டில் அவர் பெயர் இருக்காது.

முன்பாத வலிக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் ‘கால் வலி’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படுக்க வேண்டாம். அதிகம் வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.